வாழவந்திக்குப் பலாப்பழம் தின்னப் போனது

மலர்க்குழுவினர் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எனக்கோ சேந்தமங்கலத்துப் பள்ளியைவிட, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவனின் ஊர்தான் முதலில் ஞாபகம் வருகிறது. விடுதியில் தங்கிப் படித்த கொல்லிமலைக்காரன். "எங்க சபை ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட்டு" என்பான். கணக்கு வாத்தியார் மாதிரி பிரம்பும் கையுமாக ஒரு பாதிரியார் நிற்பார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டுமே இராப்போஜனம் (இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிர்கிற சடங்கு), அதுதான் அந்த 'ஸ்ட்ரிக்ட்'. கைக்குழந்தைக்குத் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் அவர்களிடம் இல்லை. விவரம் தெரிந்தபின் தானாகக் கேட்டுத்தான் தண்ணீரில் முழுகி எழவேண்டும்.

1983 கோடை லீவில் அவனோடு மலையேறினேன். பக்தி ஒன்றுமில்லை, பலாப்பழ ஆசை. 70 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுமுன்பே காலையில் தின்ற இட்லி போய்விட்டது. வாழவந்திக்குப் பக்கத்தில் அவன் ஊர். "இதான் எங்க கோயில்" என்று காட்டினான். ஓடு போட்ட சின்னக் கட்டடம், மணிக்கூண்டுகூட இல்லை. எங்கள் வீட்டு மாட்டுக் கட்டுத்தறி இதைவிடப் பெரிசு என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

அந்தச் சபையின் கதையெல்லாம் அவன் ஆயா சொன்னதுதான். வருஷங்களை நான் பின்னால் படித்துச் சேர்த்துக்கொண்டேன். ஜெஸ்ஸி பிராண்ட் என்ற பாதிரியார் இங்கிலாந்திலிருந்து 1907-ல் வந்தவர். 1913-ல் ஈவ்லினைக் கட்டிக்கொண்டு மலையில் குடியேறினார். மலை ஜனங்கள் மருந்துக்கு வந்தார்கள், பல் பிடுங்க வந்தார்கள். சபைக்கு மட்டும் பல வருஷம் ஒருத்தரும் வரவில்லை. முதல் உலகப்போர் முடிந்த சமயம் பரவிய விஷக்காய்ச்சலில், எதிர்த்து நின்ற பூசாரியே சாகக் கிடந்தார். தன் பெண்குழந்தையை அவர் இவர்களிடம் ஒப்படைத்தார். சபை துளிர்த்தது அதற்குப் பிறகுதான்.

1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகன் பாலுக்குத் தந்தி முதலில் போனது. அப்பா உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதங்கள் அதற்கப்புறமும் கப்பலில் வந்துகொண்டிருந்தன. அந்தப் பையன்தான் பிற்பாடு வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட். லண்டன் வந்து இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஈவ்லினுக்கு வயதாகிவிட்டது என்று மிஷன் ஓய்வு கொடுத்தது. அம்மாள் கேட்கவில்லை. தன் பொறுப்பிலேயே மலைக்குத் திரும்பி, பச்சைமலை, கல்வராயன் என்று கட்டைக்குதிரையில் சுற்றினார். 1974-ல் 95 வயதில் இறந்தவரை வாழவந்தியில் கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

ஆயா இத்தனையும் சாமை புடைத்துக்கொண்டே சொன்னார். ஜெஸ்ஸி துரையைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். முறத்தை வைத்துவிட்டுச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினார். பழைய ஐந்து பைசா அளவில் ஒரு வெள்ளைத் தழும்பு.

"நரம்புச்சிலந்தி, தம்பி. சின்னப்புள்ளைல. கால்ல பொத்துக்கிட்டு வர்ற புழுவை ஈர்க்குச்சில சுத்திச் சுத்தி, நாளைக்கு ஒரு சுத்துத்தான் இழுப்பாரு. அவசரப்பட்டா அறுந்துபோயி உள்ளயே சீழ் வச்சுரும். கெணத்துக்குள்ள காலை வச்சு மொள்ளாதீங்கன்னு நெதம் வைவாரு."

"தமிழ்லயா வைவாருங்காயா?"

"பின்னே? நம்மளாட்டவே." முறத்தைத் திரும்ப எடுத்தார். "கையில எண்ணெய் தடவிக்கிட்டு வா, பழத்தை அறுக்கலாம்."