தண்ணீர் கேன் நோட்டு ஆப் ஆன கதை

மேடவாக்கம் பக்கம் தண்ணீர் கேன் போடுகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு நீள நோட்டு இருக்கும். ஈரம் பட்டு ஓரமெல்லாம் அலை அலையாக எழும்பியிருக்கும். என் சித்தப்பாவிடமும் ஒன்று உண்டு. அதை ஒரு ஆண்ட்ராய்டு ஆப்பாக்கி ப்ளே ஸ்டோரில் ஏற்றிய கதை இது. ஆப்பின் பெயரைச் சொல்லவில்லை, விளம்பரப் பதிவாகிவிடும்.

ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் டெஸ்டராக இருக்கிறேன். அடுத்தவர் எழுதிய ஆப்பில் ஓட்டை தேடுவதுதான் சம்பள வேலை. ஆப் எழுதும் கருவியான ஃப்ளட்டர் மட்டும் சொந்த ஆர்வத்தில் கற்றுக்கொண்டது. முதலில் என் மனதில் இருந்தது வாடிக்கையாளருக்கான ஆப். ஒரு பொத்தானை அழுத்தினால் கேன் வரும், வண்டி எந்தத் தெருவில் இருக்கிறது என்று வரைபடத்தில் தெரியும். சித்தப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆர்டர் வர்றதுல எனக்கு என்ன பாப்பா கஷ்டம்? போன் அடிச்சுக்கிட்டேதான் இருக்கு. எம்ப்டிதான் திரும்பி வர மாட்டேங்குது" என்றார்.

மொத்த ஆப்பும் அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருந்தது. 20 லிட்டர் கேனில் தண்ணீரின் லாபம் சில ரூபாய்தான். காலி கேன் ஒன்று தொலைந்தால் அந்த வீட்டில் பல வாரம் போட்ட லாபம் அதோடு போய்விடும். வாடகைக்கு இருப்பவர்கள் காலி செய்யும்போது சாமானோடு சாமானாகக் கேனும் லாரி ஏறிவிடும். சில வீடுகளில் அது மொட்டைமாடிச் செடிக்குத் தண்ணீர் பிடித்து வைக்கும் பாத்திரமாகிவிடும். நோட்டில் பணப் பாக்கி ஒழுங்காக இருந்தது. எம்ப்டி பாக்கி முழுக்க சித்தப்பாவின் மண்டைக்குள் இருந்தது. அவருக்குக் காய்ச்சல் வந்து வேறு பையன் லைனுக்குப் போனால் அந்தக் கணக்கும் லீவு.

அதனால் வரைபடம், ஆர்டர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். ஒரு வீட்டுக்கு இரண்டே பாக்கி: பணம், எம்ப்டி. "ஐடியாவை வெளியில் சொல்லாதே, யாராவது சுட்டுவிடுவார்கள்" என்று ஆபீஸ் நண்பர்கள் எச்சரித்தார்கள். இந்த ஐடியாவைத் திருட வேண்டுமானால் முதலில் கேனைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏற வேண்டும். தாராளமாகத் திருடட்டும்.

சனிக்கிழமைகளில் வண்டியோடு போக ஆரம்பித்த பிறகுதான் திரை எப்படி இருக்க வேண்டும் என்பது புரிந்தது. நோட்டில் முழுப் பெயர் ஒருவருக்கும் கிடையாது. 'நாய் வீடு', 'ஜிம்முக்கு மேல', '3வது மாடி டீச்சர்'. எனவே பெயர், முகவரி, மின்னஞ்சல் என்று தனித்தனிக் கட்டங்கள் தேவையில்லை. ஒரே கட்டம், என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பட்டியலை அகர வரிசையில் அடுக்கினால் அவருக்கு எதுவுமே அகப்படாது. லைனில் எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடோ அதே வரிசைதான் வேண்டும். விலையும் ஊருக்கெல்லாம் ஒன்று இல்லை. லிஃப்ட் இல்லாத மாடிக்குக் கூலி சேரும், பழைய வீடுகளுக்குப் பழைய ரேட்டே ஓடும். ஆகவே ரேட்டும் வீட்டுக்கு வீடு தனி.

பெரிய விஷயம் கை. கேன் தூக்கிய கை ஈரமாகத்தான் இருக்கும். ஈர விரல் பட்டால் தொடுதிரை கண்டபடி நடந்துகொள்ளும், சின்னப் பொத்தான் சரிப்படாது. நல்லவேளையாக, பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒரே காரியம்: நிறைந்த கேன் ஒன்று கொடுத்து, காலி ஒன்று வாங்குவது. அதனால் வீட்டுப் பெயர்தான் பொத்தான். ஒரு தட்டு தட்டினால் ஒன்று கொடுத்து ஒன்று வாங்கியாச்சு என்று பதிவாகிவிடும். இரண்டு கொடுத்தது, எம்ப்டி வராதது போன்றவற்றுக்குப் பக்கத்திலேயே 'மாத்து' என்று ஒரு பொத்தான். விரலை அழுத்திப் பிடித்தால் கூடுதல் மெனு வரும் என்பதெல்லாம் என்னைப் போன்றவர்களுக்குத் தெரிந்த ரகசியம். கண்ணுக்குத் தெரியாத பொத்தானை அவர் தேட மாட்டார். பாக்கெட்டுக்குள் தானாகத் தட்டுப்பட்டால் திருப்பியெடுக்க 'தப்பு' என்று இன்னொன்று. அது சில வினாடியில் மறையாது, அடுத்த வீட்டைத் தட்டும் வரை அங்கேயே நிற்கும்.

லாகின் வைக்கவில்லை. அடுக்குமாடிகளின் கீழ்த்தள பார்க்கிங்கில் சிக்னல் கிடைக்காது, ஓடிபி அங்கே வந்து சேரவும் சேராது. எல்லாக் கணக்கும் போனுக்குள்ளேயே எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் இருக்கிறது. அப்படியென்றால் போன் தொலைந்தால்? ஆண்ட்ராய்டு 6 முதல் தானியங்கி பேக்கப் உண்டு. ஒரு ஆப்புக்கு 25 எம்பி வரை கூகுள் டிரைவில் சேமிக்கும், நமக்கு அதில் கால்வாசிகூட வேண்டாம். ஆனால் வழக்கமான அமைப்பில் அது வைஃபை இருந்தால்தான் ஓடும். சித்தப்பா வீட்டில் வைஃபை ஏது? எஸ்க்யூலைட்டில் ஒரு வசதி, மொத்தத் தரவும் ஒரே கோப்பு. அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் மகளுக்கு அனுப்ப ஒரு பொத்தான் வைத்தேன். ஞாயிறு சாயங்காலம் அனுப்பிவிடுவார். தங்கச்சி அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, திறக்கவும் தேவையில்லை.

மாதக் கடைசி பில்லும் வாட்ஸ்அப்தான். ஆப்பே எஸ்எம்எஸ் அனுப்பினால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் 2019 முதல் எஸ்எம்எஸ் அனுமதியைக் கூகுள் இறுக்கிவிட்டது. போனின் முதன்மை எஸ்எம்எஸ் ஆப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சில விதிவிலக்குகளில் ஒன்றுக்குள் அடங்க வேண்டும். கேன் கணக்கு அதில் அடங்காது. வாட்ஸ்அப்பின் இணைப்பு முகவரியில் 91 சேர்த்த எண்ணையும் எழுத வேண்டிய செய்தியையும் கொடுத்துவிட்டால், 'ஏப்ரல்: 9 கேன், எம்ப்டி பாக்கி 2' என்று தயாராகத் திறந்து நிற்கும். அனுப்பும் பொத்தானை மட்டும் அவர் அழுத்துகிறார். அந்த 'எம்ப்டி பாக்கி 2' என்ற வரியைப் பார்த்த பிறகு சில வீடுகளில் கேன்கள் தாமாகவே வாசலுக்கு வந்துவிட்டன. கோட் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான்.

ஆப் ஓடுகிறது, இனி ஸ்டோரில் போடுவதுதானே என்று நினைப்போம். அங்கேதான் இரண்டாவது பாதி ஆரம்பம். 25 டாலர் கட்டிக் கணக்குத் திறந்து, அடையாள ஆவணம் கொடுக்க வேண்டும். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், முதலில் நாம் சேர்க்கும் ஆட்கள் மட்டும் ஆப்பைப் போட்டுப் பார்க்கும் 'மூடிய சோதனை' நடத்தியாக வேண்டும். சோதிக்க ஆரம்பத்தில் 20 பேர் வேண்டும் என்றிருந்ததை 2024 டிசம்பரில் 12 ஆக்கினார்கள். அந்த 12 பேரும் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும். 'நீ என் ஆப்பைச் சோதி, நான் உன் ஆப்பைச் சோதிக்கிறேன்' என்று டெலிகிராமில் இதற்கென்றே குழுக்கள் இருக்கின்றன. டெஸ்டராகச் சம்பளம் வாங்கிக்கொண்டு அதில் போய்ச் சேர எனக்கு மனம் வரவில்லை. சித்தப்பாவுக்குத் தெரிந்த கேன் பையன்கள், அவர் தண்ணீர் எடுக்கும் கம்பெனியில் பில் போடுபவர், என் அக்கா என்று ஆள் சேர்த்தேன். பாதிப் பேருக்கு ஜிமெயில் முகவரி என்ன என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. ஆனால் அந்தப் பையன்களில் ஒருவர்தான் "அட்வான்ஸ் எங்கக்கா எழுதறது?" என்று கேட்டார். கேனுக்கு வாங்கும் அட்வான்ஸ் தொகைக்கு இடம் வந்தது அப்படித்தான். குழுவில் ஆள் பிடித்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

அப்புறம் காகித வேலை. எந்தத் தகவலையும் எங்கும் அனுப்பாத ஆப்புக்கும் தனியுரிமைக் கொள்கைப் பக்கம் ஒன்று வேண்டும், தரவுப் பாதுகாப்புப் படிவம் நிரப்ப வேண்டும். காசு வாங்கும் ஆப் என்றால் தனிநபரின் முழு முகவரியும் ஸ்டோரில் எல்லோருக்கும் தெரியும். வீட்டு முகவரியை அங்கே தொங்கவிட எனக்கு விருப்பமில்லை, ஆகவே ஆப் இலவசம். ஐபோனுக்கு வருடத்துக்கு 99 டாலர். லைனில் ஐபோன் வைத்திருப்பவர்கள் கேன் வாங்குகிறவர்கள் மட்டும்தான், அதனால் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஏற்றிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. ஆப் எந்த ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிவைக்கிறது என்பதற்கு ஆகஸ்ட் 31 என்று வருடாவருடம் ஒரு கெடு இருக்கிறது. 2025 கெடுவுக்காக ஆண்ட்ராய்டு 15க்கு மாற்றினேன். அந்தப் பதிப்பில் ஆப் திரையின் விளிம்பு வரை தானாகவே விரிந்துவிடும். அடியில் இருந்த 'தப்பு' பொத்தான் போனின் சொந்தப் பொத்தான்களுக்குக் கீழே போய் மாட்டிக்கொண்டது. ஃப்ளட்டரில் அந்தப் பொத்தான் இருக்கும் பட்டையை, போனின் பொத்தான்கள் மறைக்காத இடத்தில் நிறுத்தும் சேஃப்ஏரியாவுக்குள் வைத்தால் சரியாகிவிடும், ஒரு வரி வேலை. மாற்றி ஏற்றிவிட்டுச் சித்தப்பாவை அப்டேட் போடச் சொன்னேன். ராத்திரி போடுகிறேன், காலையில் லைன் நேரத்தில் போனைத் தொடாதே என்றார்.