சென்னை-5: முகவரியைப் பிடித்துக்கொண்டு ஒரு நடை

சென்னை-5 என்ற அஞ்சல் முகவரி கொண்ட திருவல்லிக்கேணிக்கு இலக்கியம் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் பாரதியார் இல்லத்தின் வாசலில் படம் எடுத்துக்கொண்டு, பார்த்தசாரதிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், ஆனால் பேட்டை பிடிபடாது. இங்கே எழுதியவர்களில் பலர் பிழைப்புக்காக வந்து வாடகைக்குக் குடியிருந்தவர்கள். பூர்வீக வீடு, தோட்டம், திண்ணை என்று தேடினால் ஏமாற்றம்தான். தெருவையும் முகவரியையும் பிடித்துக்கொண்டு நடந்தால் நிறையக் கிடைக்கும்.

கிளம்பப் பிற்பகல் மூன்று மணி நல்ல நேரம். காலையில் வந்தால் வெயில் ஏறுவதற்குள் கோயில் வரை முடிக்கலாம், ஆனால் மெரினா கடற்கரைச் சிலைகளைப் பார்ப்பது கெட்டுப்போகும். அவை சாலையைப் பார்த்து மேற்கு முகமாக நிற்கின்றன. காலை வெயில் முதுகில் விழுவதால் முகமெல்லாம் கறுத்துத் தெரியும், மாலையில்தான் வெளிச்சம் முகத்துக்கு வரும். பார்த்தசாரதி கோயில் நடையும் நண்பகலில் சாத்தினால் நான்கு மணிவாக்கில்தான் திறக்கும். பாரதியார் இல்லம் அரசு நினைவிடம் என்பதால், அரசு விடுமுறை நாட்களில் போவதற்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குறுக்குச் சந்துகளில் தண்ணீர் நிற்கும். வைகுண்ட ஏகாதசியன்று மாடவீதிப் பக்கம் நடக்கவே முடியாது.

முதல் நிறுத்தமாகத் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் உள்ள வாலாஜா பள்ளிவாசலைச் சொல்வேன். இலக்கிய நடைக்கு மசூதி எதற்கு என்று கேட்கலாம். 1795இல் கட்டிய இந்தப் பள்ளிவாசலில் பதித்திருக்கும் பாரசீகக் கல்வெட்டுக் கவிதை, எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால் ஆண்டு வரும்படி அமைந்தது. பாடியவர் ராஜா மக்கன்லால் கிராத் என்ற இந்து, ஆற்காடு நவாபின் முன்ஷி, அதாவது செயலர். தமிழ் இலக்கியத்தோடு நின்றுவிடும் நடைகள் இந்தப் பேட்டையின் பாதியைத் தவறவிடுகின்றன. காயிதே மில்லத் அடக்கமாகியிருப்பதும் இந்த வளாகத்தில்தான். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

அங்கிருந்து பெரிய தெரு. இந்து மேல்நிலைப் பள்ளியின் செங்கல் நிறக் கட்டடத்தைத் தெருவிலிருந்தே பார்க்கலாம். அதன் எதிரே நின்று நினைக்க வேண்டியது பத்திரிகைகளை. திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடிய ஆறு இளைஞர்கள் 1878 செப்டம்பர் 20ஆம் தேதி 'தி இந்து'வைத் தொடங்கினார்கள். முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியானதை வெள்ளைக்காரப் பத்திரிகைகள் தூற்றியதுதான் காரணம். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, 80 படி அச்சடித்தார்கள். அறுவரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் 'சுதேசமித்திர'னைத் தொடங்கினார். 1904இல் பாரதியை மதுரையிலிருந்து சென்னைக்கு இழுத்து வந்தது அந்தப் பத்திரிகை வேலைதான். இந்த வரிசை மனத்தில் இருந்தால், பாரதி ஏன் இந்தப் பேட்டையில் குடியிருந்தார் என்பதற்குத் தனி விளக்கம் வேண்டாம்.

பாரதி சாலையைக் கடந்தால் துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு. புதுச்சேரி வாசம் முடிந்து மீண்டும் 'சுதேசமித்திர'னில் சேர்ந்த பாரதி கடைசியாகக் குடியிருந்தது இங்கே. அரசு வாங்கிப் புதுப்பித்து 1993இல் நினைவு இல்லமாகத் திறந்தது. உள்ளே படங்களும் கையெழுத்துப் பிரதிகளின் நகல்களும் இருக்கின்றன. அவசரப்படாமல் பார்த்தால் அரை மணி நேரம் பிடிக்கும்.

யானை அடித்துப் பாரதி இறந்தார் என்று இன்னமும் சிலர் இந்த வாசலில் நின்று சொல்கிறார்கள். அது சரியல்ல. 1921இல் கோயில் யானை அவரைத் தள்ளியது, நண்பர் குவளைக்கண்ணன் காப்பாற்றினார், காயமும் ஆறியது. அதன் பிறகு வேலைக்குத் திரும்பியிருக்கிறார், ஈரோடு கருங்கல்பாளையம் வரை போய்ப் பேசியிருக்கிறார். உயிரைக் கொண்டுபோனது பின்னால் வந்த வயிற்றுக்கடுப்பு. செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்ததால்தான் நினைவு நாள் 11 என்றும் 12 என்றும் இரண்டு விதமாகப் புழங்குகிறது. உடலை எரித்தது இதே வட்டாரத்தில், கிருஷ்ணாம்பேட்டை மயானத்தில்.

அடுத்து பார்த்தசாரதி கோயில். உள்ளே கைபேசியை எடுக்க வேண்டாம், படம் பிடிக்க விடமாட்டார்கள். பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கும் கோயில் இது. பேயாழ்வாரும் திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடியிருக்கிறார்கள். பேயாழ்வார் பாசுரத்தில் அலை பவளத்தையும் முத்தையும் கொண்டுவந்து கொட்டுகிறது. இன்று குளக்கரையில் நின்றால் கடல் கண்ணில் படாது. திருமங்கையாழ்வார் 'மயிலைத் திருவல்லிக்கேணி' என்கிறார், அதாவது அன்று இது மயிலாப்பூரைச் சேர்ந்த இடம். இரு பேட்டைக்காரர்களும் இதைப் படித்துவிட்டுச் சண்டை போடலாம்.

இனி, பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சா. மாநிலக் கல்லூரி வேலைக்காக 1903இல் கும்பகோணத்தை விட்டு வந்தவர், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் திருவல்லிக்கேணிவாசி. பிள்ளையார் கோயில் தெருவில் இருந்த அவருடைய வீட்டின் பெயர் தியாகராச விலாசம், கும்பகோணம் வேலையை வாங்கிக் கொடுத்த தியாகராச செட்டியார் நினைவாக வைத்தது. பெருங்கதையும் குறுந்தொகையும் பதிப்பாகி வந்தது அவர் இங்கே இருந்த காலத்தில். 2012இல் வீட்டை இடித்துவிட்டார்கள். போய்ப் பார்க்க ஒன்றுமில்லை, இருந்தாலும் தெருவுக்குள் ஒரு நடை போய் வாருங்கள். சிந்தாமணியைப் பதிப்பித்தவரின் வீட்டை ஒரு நகரம் எப்படிக் கைவிட்டது என்பதும் இந்த நடையில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான்.

இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுவார்கள். பிள்ளையார் கோயில் தெரு என்ற பெயரில் சென்னையில் எத்தனையோ தெருக்கள் உண்டு, கைபேசி வரைபடம் வேறு பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போகும். தேடும்போது கூடவே 600005 என்ற அஞ்சல் எண்ணையும் போடுங்கள். பழைய நூல்களில் இருக்கும் கதவு எண்ணையும் நம்ப வேண்டாம், மாநகராட்சி எண்களை மாற்றியதால் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். பெயர்களும் மாறியவைதான்: நூலில் 'பைகிராப்ட்ஸ் ரோடு' என்று வந்தால் அது இன்றைய பாரதி சாலை.

அந்தச் சாலையில் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள், பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. கடைகள் அடைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபாதையில் புத்தகம் விரிப்பதும் இங்கே பழைய வழக்கம். பாடநூல்களும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளும்தான் மேலே கிடக்கும், தமிழ் நூல்களை அடுக்கின் அடியில் தேட வேண்டும். அட்டையைப் பார்த்து ஆசைப்பட்டு விலை பேசிவிடாதீர்கள். முதலில் பதிப்புப் பக்கம்: 'சென்னை-5' என்று இருந்தால் நீங்கள் நிற்கும் பேட்டையிலேயே வெளியான நூல், இந்த நடைக்கு அதைவிடப் பொருத்தமான நினைவுப் பொருள் இல்லை. அடுத்து பக்க எண்களைப் பதினாறு பதினாறாகத் தள்ளிப் பாருங்கள். பைண்டிங்கில் தவறுவது ஒற்றைப் பக்கமாக இருக்காது, பெரும்பாலும் ஒரு பாரமே (சேர்த்து அச்சடித்து மடித்த பதினாறு பக்கம்) போயிருக்கும். முதுகுப் பக்கம் பொடி உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது, அதை வீட்டு அலமாரிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சாலை முனையில் ரத்னா கஃபே, 1948 முதல் இருக்கிறது. இட்லி சாம்பாரில் மிதந்து வரும், கேட்டால் இன்னும் ஊற்றுவார்கள். சுற்றிலும் மேன்ஷன்கள், தனியாக வந்தவர்கள் வாடகைக்குத் தங்கும் விடுதிகள். கவிஞர் ஞானக்கூத்தன் நெடுங்காலம் வாழ்ந்த பேட்டையும் இதுதான்.

ஐந்தே காலுக்குக் கிழக்கே நடக்கத் தொடங்கினால் வெளிச்சம் இருக்கும்போதே கடற்கரை வந்துவிடும். சாலை முடியும் இடத்தில் கண்ணகி. 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த இந்தச் சிலையை 2001 டிசம்பரில் அகற்றி, 2006இல் மீண்டும் நிறுவினார்கள். அதே மாநாட்டுக்காக வைத்த வள்ளுவர், ஔவையார், கம்பர், இளங்கோ, பாரதி, பாரதிதாசன் சிலைகளும் சாலையோரமாக உண்டு. அந்த வரிசையில் சிலையாக நிற்கும் வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகிய மூவரும் வேறு தேசத்தில் பிறந்து வந்து தமிழ் கற்றவர்கள். எல்லாவற்றையும் பார்க்கக் கடற்கரையோரம் நெடுந்தூரம் நடக்க வேண்டும். கால் வலித்தால் கண்ணகியையும், எதிர்ச்சாரியில் மாநிலக் கல்லூரி வளாகத்தில் கடலைப் பார்த்து நிற்கும் உ.வே.சா.வையும் பார்த்தால் போதும். உ.வே.சா. மகாமகோபாத்தியாயர் பட்டம் பெற்ற 1906இல் அவரை வாழ்த்திப் பாடினார் பாரதி. மறு ஆண்டு சுதேசி இயக்கத் தலைவர் விபின் சந்திர பாலைப் பேச வைக்கப் பாரதி கூட்டம் சேர்த்தது இந்த மணலில்தான்.

திரும்புவதற்குப் பறக்கும் ரயிலின் திருவல்லிக்கேணி நிலையம் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி இருக்கிறது. ஞாயிறு மாலையில் கடற்கரைச் சாலையில் ஆட்டோ பிடிப்பதைவிட அதுவே வேகம்.