எதிர்க் கம்பெனியின் நோயாளி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இதயக் கருவிகளை விற்கும் பிரதிநிதியாகப் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். இதயத்தைச் சீராகத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கரைப் பொருத்தும்போது ஈயக் கவசம் அணிந்து கேத் லேப் என்ற இதயச் சிகிச்சை அறையின் ஓரமாக நின்று, கருவியிலிருந்து போகும் லீட் என்ற கம்பி இதயச் சுவரில் பதிந்ததும் அதன் மின்தடை எத்தனை ஓம், எத்தனை வோல்ட்டில் இதயம் துடிப்புக்கு இணங்குகிறது என்று அளந்து சொல்வது எங்கள் வேலை. நோயாளிகள் பலர் எங்களை மருத்துவமனை ஊழியர் என்றே நினைத்தார்கள்; அதைத் திருத்த நாங்களும் அவசரப்பட்டதில்லை.

அரசு மருத்துவமனைகளில் டெண்டர், அதாவது விலை, பெரும்பாலும் முடிவு செய்துவிடும். மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு பணம் கட்டும் தனியார் மருத்துவமனைகளில்தான் உண்மையான போட்டி. அங்கும் புதிய நோயாளியைவிடப் பழைய நோயாளியைத்தான் நாங்கள் அதிகம் கண்காணித்தோம். பேட்டரி ஏறக்குறைய எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகளில் தீரும். பேஸ்மேக்கர் லீடின் முனை ஐ.எஸ்.-1 என்ற பொதுத் தரத்தில் இருப்பதால், பழைய லீடிலேயே வேறு கம்பெனியின் கருவியைச் செருகிவிடலாம். ஆனால் கருவியை வெளியிலிருந்து படித்து அமைப்பை மாற்றும் கணினியான புரோகிராமர் அப்படியல்ல. ஒவ்வொரு கம்பெனியின் புரோகிராமரும் தன் கருவியோடு மட்டுமே பேசும். ஆகவே அத்தனை ஆண்டுகளும் பரிசோதனைக்கு ஓடிவந்த பிரதிநிதி யார், கூப்பிட்டும் வராதவன் யார் என்ற கணக்கு, பேட்டரி மாற்றும் நாளில் மருத்துவரின் மனத்தில் எழும். சேவை என்று நாங்கள் சொன்னதில் பாதி இந்தக் கணக்குக்காகத்தான்.

ஒரு தைப்பூசக் காவடிக்கு முந்தைய இரவு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு மருத்துவர் அழைத்தார். மகள் வீட்டுக்கு வந்திருந்த, டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியைச் சேர்ந்த ஆயா (பாட்டி) ஒருவருக்கு, அபாயத் துடிப்பை மின் அதிர்ச்சியால் நிறுத்த மார்பில் பொருத்தியிருந்த டிஃபிப்ரிலேட்டர் மறுபடி மறுபடி அதிர்ச்சி கொடுத்துக்கொண்டிருந்தது. ஆயாவிடம் இருந்த கருவி அட்டையைப் படிக்கச் சொன்னேன். எதிர்க் கம்பெனியின் கருவி. அவர்களுடைய பிரதிநிதி போனை எடுக்கவில்லையாம். மானிட்டரில் துடிப்பு ஒழுங்காகத்தான் இருக்கிறது என்பதை மருத்துவர் உறுதி செய்துகொண்டார். அப்படியானால் கருவியின் மீது காந்தத்தை வைத்து டேப்பால் ஒட்டுங்கள், வெளி டிஃபிப்ரிலேட்டர் பக்கத்திலேயே தயாராக இருக்கட்டும் என்றேன். காந்தம் இருக்கும்வரை இத்தகைய கருவி பொதுவாக அதிர்ச்சி கொடுக்காது. (பேஸ்மேக்கரில் கதை வேறு: காந்தம் வைத்தால் ஒரே சீராகத் துடிக்கும். பேட்டரி நன்றாக இருந்தால் மெட்ரானிக் நிமிடத்துக்கு 85, பாஸ்டன் சயின்டிஃபிக் 100 என்று, எண்ணைக் கேட்டே கம்பெனியை ஊகிப்போம்.) வடை போல நடுவில் துளையுள்ள அந்தக் காந்தம் கேத் லேப் அலமாரியில் கிடைத்தது. என் கம்பெனியின் பெயர் அச்சிட்டு நானே கொடுத்துவைத்தது.

என் புரோகிராமர் அந்தக் கருவிக்கு உதவாது என்று தெரிந்தும், N3 நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே எண்பது கிலோமீட்டர் ஓட்டிப் போனேன். கருணையும் இருந்தது, அந்த மருத்துவர் என்னைப் பார்க்கட்டும் என்ற எண்ணமும் இருந்தது. எது அதிகம் என்று அன்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

விடியும் வேளையில் எதிர்க் கம்பெனிக்காரர் வந்து சேர்ந்தார். இரவு முழுவதும் எம்பாங்கேனியில் வேறொரு நோயாளியோடு நின்றவர். போனை லாக்கரில் வைத்திருந்தார். அவருடைய புரோகிராமரில் லீடின் மின்தடை எங்கோ எகிறியிருந்தது. லீட் உள்ளே முறிந்து, அதன் இரைச்சலை அபாயத் துடிப்பு என்று கருவி எண்ணியிருக்கிறது. அதிர்ச்சி தரும் அமைப்பை அவர் நிறுத்திய பிறகு, காந்தத்தை எடுத்தோம்.

"தம்பி, ரெண்டு பேரும் ஒரே கம்பெனியா?" என்று ஆயா கேட்டார்.

"இல்ல ஆயா, அவரு வேற கம்பெனி."

"அப்போ இந்த நேரத்துல நீ ஏன் வந்தே?"

பதில் சொல்லாமல் போர்வையைச் சரிசெய்தேன்.

திங்கட்கிழமை அறிக்கையில், 'போட்டியாளர் அழைப்புக்குப் பதிலளிக்கவில்லை' என்று எழுதினேன். அவர் எங்கே நின்றிருந்தார் என்பதை எழுதவில்லை. என் மேலாளர் அந்த வரியை விற்பனைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினார். அடுத்த சில மாதங்களில் அந்த மருத்துவர் பொருத்திய கருவிகளில் எங்கள் பங்கு கூடியது. பொய் ஒன்றும் எழுதவில்லை என்று நெடுநாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆண்டு முடிவதற்குள் அந்த எதிர்க் கம்பெனிக்காரரிடமே அதைச் சொல்லிவிட்டேன். "தெரியும், உன் இடத்தில் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்" என்றார். பிறகு, தன் போன் கிடைக்காத இரவுகளில் கூப்பிடும்படி தன் மனைவியின் எண்ணைக் கொடுத்தார். நானும் என் மனைவியின் எண்ணைக் கொடுத்தேன். இரண்டு கம்பெனிகளுக்கும் அது தெரியாது.