காயலான் கடைக்குப் போன பில்லைகள்

பெரியப்பா விட்டுப்போன 1967 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் பதினெட்டு வருடம் தாம்பரம் பக்கம் ஒரு மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. அது பிறந்த ஊர் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் கார் செய்த கம்பெனி ஒன்று இருந்தது என்றால் இப்போதைய பையன்கள் நம்புவதில்லை. இரண்டு கதவு வண்டி. நாலு கதவு ஹெரால்ட் பிறகுதான் வந்தது. என் மனைவி, "கிலோ கணக்கில் போட்டுடுங்க" என்றாள். நான் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ஹெரால்டில் கை வைக்கும் துணிச்சல் வந்ததற்குக் காரணம் அதன் கட்டுமானம். பாடியும் சேசிஸ் என்கிற அடிச்சட்டமும் ஒரே கூடாக இருக்கும் கார்கள் வந்துவிட்ட காலத்தில் இதற்குத் தனி சேசிஸ். இங்கிலாந்தில் இந்த வண்டியை முதலில் செய்த ஸ்டாண்டர்ட் டிரயம்ப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்தவர்கள் போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டார்கள். அதனால் பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து போல்ட் போட்டுச் சேர்க்கிற மாதிரி வடிவமைத்தார்கள். வெளித்தோற்றம் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டியின் கைவண்ணம். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். அரை இஞ்ச், ஏழு பை பதினாறு ஸ்பேனர் இருந்தால் முக்கால் வண்டியைக் கழற்றிவிடலாம். நம் வீட்டில் இருக்கும் 12, 14 மில்லிமீட்டர் ஸ்பேனர் இதற்கு உதவாது.

கழற்றுகிற வேலை மூன்று ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. போல்ட்டுகளை டப்பா டப்பாவாகப் போட்டு, எது எந்த இடம் என்று எழுதி ஒட்டினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் அங்கங்கே தட்டையாகச் சில அலுமினியப் பில்லைகள், நைந்த ரப்பர் துண்டுகள் இருந்தன. ஒரு இடத்தில் ஒன்று, இன்னொரு இடத்தில் மூன்று. ஏதோ மெக்கானிக் எப்போதோ சொருகியது என்று நினைத்து, துருப்பிடித்த தகரங்களோடு சாக்கில் அள்ளிப் போட்டேன். சாக்கு காயலான் கடைக்குப் போனது.

சேசிஸின் நடுத்தண்டு நன்றாகவே இருந்தது. பக்கவாட்டில் கை நீட்டிக்கொண்டு பாடியைத் தாங்குகிற அவுட்ரிகர்கள்தான் அப்பளம். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன், உள்ளே போய்விட்டது. பட்டறையில் தகர வேலை பார்க்கும் டிங்கர் பாய் அவற்றை அறுத்துவிட்டுப் புதிதாக மடித்து வெல்டிங் வைத்தார். அதற்கு முன் பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி வந்து, சேசிஸின் ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் தரைக்கு நூல் விட்டு சாக்பீஸால் புள்ளி வைத்தார். குறுக்கு மறுக்காக டேப் பிடித்து அளந்தார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் சேசிஸ் நேராக இருக்கிறது என்று அர்த்தம். நூல் ஆடி நிற்கும்வரை வாயைத் திறக்க மாட்டார்.

முன் சக்கரங்களைத் தாங்கும் டிரனியன் என்ற வெண்கலத் துண்டில் மரை தேய்ந்து போயிருந்தது. அதற்கு கியர் ஆயில்தான் விட வேண்டும். யாரோ வருடக்கணக்காக கிரீஸ் அடித்திருக்கிறார்கள். இடது வலது இரண்டுக்கும் மரை எதிரெதிர்த் திசையில் ஓடும் என்று தெரியாமல், உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜிபி ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் அலைந்து ஒரே பக்கத்துக்கு இரண்டு வாங்கி வந்தேன். 948 சிசி எஞ்சின், சிலிண்டரைக் கடைந்து ரீபோர் போட்டதும் தொந்தரவு தராமல் வேலைக்கு வந்தது. சேசிஸ் மேல் வைத்து, குளுக்கோஸ் பாட்டிலில் பெட்ரோல் தொங்கவிட்டு ஸ்டார்ட் செய்த அன்று பட்டறைப் பையன்களுக்கு டீ.

அப்புறம் பாடியை இறக்கினோம். எட்டுப் பேர் தூக்கினார்கள், எல்லா ஓட்டையும் சரியாக உட்கார்ந்தது. கதவை மாட்டிச் சாத்தினேன். சாத்தவில்லை. மேல் மூலை தூணில் இடித்தது, கீழே சுண்டு விரல் போகும் இடைவெளி.

பாய் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, இங்க பில்லை இருந்திருக்குமே, எங்க?" என்றார்.

முன்பாதியும் பின்பாதியும் கதவுக்குக் கீழேதான் போல்ட்டில் சேருகின்றன. அங்கே ஒரு பில்லை ஏறினால் கதவுக்கு மேல்பக்கம் விரியும். ஒன்று குறைந்தால் நெரியும். எந்த இடத்தில் எத்தனை என்பது அந்தந்த வண்டிக்கே உரிய கணக்கு. கம்பெனியில் யாரோ ஒருவர் 1967இல் நின்று நிதானமாகப் போட்ட கணக்கை நான் எடைக்குப் போட்டிருக்கிறேன்.

ஓடிப்போய்க் காயலான் கடையில் கேட்டேன். சிரித்தார்கள்.

அடுத்த இரண்டரை மாதம் அதே வேலைதான். போல்ட்டைத் தளர்த்து, ஜாக்கி வை, அலுமினியத் தகட்டில் வெட்டிய பில்லையைச் சொருகு, இறுக்கு, கதவைச் சாத்து. பாய் காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து இடைவெளிக்குள் மேலிருந்து கீழே ஓட்டுவார். பென்சில் எங்கேயும் சிக்காமல் இறங்க வேண்டும். பாதியில் நின்றால் மறுபடியும் முதலிலிருந்து. வலது பக்கம் சரியானால் இடது பக்கம் போய்விடும். பெயின்டரை நாலு தடவை திருப்பி அனுப்பினோம். கதவு சாத்தாமல் பெயின்ட் கிடையாது என்பதில் பாய் உறுதியாக இருந்தார். நான்தான் ஒருநாள், "போதும் பாய், பட்டி வச்சு மறைச்சிடலாம்" என்று வாய்விட்டுவிட்டு, அன்று முழுக்க அவரிடம் பேச்சு வாங்கினேன்.

வண்டி இப்போது ஓடுகிறது. பெரியப்பா வைத்திருந்த அதே வெளிர் நீலம். குறுகலான தெருவில்கூட ஒரே வளைப்பில் திரும்பும். பின்பக்கம் ஜாக்கி போட்டால் மட்டும் இரண்டு சக்கரமும் சம்மணம் போடுகிற மாதிரி உள்ளே மடங்கும். முதல் தடவை பார்த்தவர்கள் ஆக்சில் முறிந்துவிட்டது என்று பதறுவார்கள். அது அதன் சுபாவம்.

வலது கதவு ஒரு விரலால் தள்ளினால் 'டொப்'பென்று சாத்திக்கொள்ளும். இடது கதவை லேசாகத் தூக்கித்தான் சாத்த வேண்டும். என் மனைவி ஏறும்போது அவளே தூக்கிச் சாத்திக்கொள்கிறாள், ஒன்றும் சொல்வதில்லை.