63-வது டேக்கில் சீவியூ எழும்பியது

நேற்று மதியம் பன்னிரண்டரை மணிக்கு, உச்சி வெயிலில், மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீரைப் பிளந்துகொண்டு என் சீவியூ நீர்மூழ்கி மாடல் மேலே வந்தது. 63-வது டேக். இரண்டு மாத உழைப்பு.

சீவியூ வரும் ‘வாயேஜ் டு த பாட்டம் ஆஃப் த சீ’ டிவி தொடரை (1964–68) பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மனப்பாடம். நீர்மூழ்கி வானத்தைப் பார்த்து மூக்கைத் தூக்கும், பக்கவாட்டில் தண்ணீர் அருவியாய்க் கொட்டும். அந்த ஒரு ஷாட்டை வீட்டில் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. மாடல், மோபியஸ் கம்பெனியின் 39 அங்குல கிட், மூக்கில் எட்டு ஜன்னல் உள்ளது, நிஜத்தில் 128-ல் ஒரு பங்கு (1:128). ஒட்டியது, பெயின்ட் அடித்தது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை.

சிக்கல் முழுக்கத் தண்ணீரில். மாடலைச் சுருக்கலாம், துளியைச் சுருக்க முடியாது. மூன்று மில்லிமீட்டர் துளி 1:128 அளவில் பூசணிக்காய் பருமனுக்குத் தெரியும். தொடரை எடுத்த ஃபாக்ஸ் ஸ்டுடியோவில், ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் பார்த்த எல். பி. ஆபட்டின் குழு ஏன் 17 அடி நீளத்துக்கு ஒரு சீவியூ மாடல் வைத்திருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. எட்டரை அடியிலும் நாலடிச் சொச்சத்திலும் வேறு இரண்டு இருந்தன. ஆனால் கடல்மட்டக் காட்சி என்றால் பெரியதுதான். அதில் அதே துளி ஆரஞ்சுப் பழம் அளவுதான். மாலிபு மலைப்பகுதியில் ஃபாக்ஸ் பண்ணையின் செர்சன் ஏரியில், வானம் வரைந்த பிரம்மாண்டத் திரைக்கு முன்னால் மிதக்கவிட்டு எடுத்தார்கள். என்னிடம் இருப்பது எட்டடித் தொட்டியும் நீலச்சாம்பல் அடித்த ஒரு பிளைவுட் பலகையும்.

அடுத்தது வேகம். அளவு 128 மடங்கு சிறுத்தால், நேரம் அதன் வர்க்கமூலம், அதாவது சுமார் 11 மடங்கு, நீள வேண்டும். சினிமாவின் வழக்கமான நொடிக்கு 24 ஃப்ரேமை 11.3-ஆல் பெருக்கினால் 271. என் போனில் 240 வரை போகும், அது போதும். இதே கணக்கில் 17 அடி மாடலுக்கு 120 ஃப்ரேம் இருந்தால் சரியாக வரும்.

நான் தவறியது இங்கேதான். தூண்டில் நரம்பைக் கட்டிப் பதமாக, மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தேன். திரையில் ஐந்து நொடி ஓட வேண்டுமானால் தொட்டியில் அரை நொடியில் முடிந்திருக்க வேண்டும். வேகமாக இழுத்தால் நரம்பு அறுந்தது, மூன்று தடவை. தம்பிதான் சொன்னான்: “ஏண்ணா இழுக்கிற? அமுக்கிப் புடிச்சு விட்டுடேன்.” வயிற்றுக்குள் தெர்மாகோல் அடைத்து, வாலில் மட்டும் ஈயம் வைத்து, சாய்வாக நட்ட இரண்டு பித்தளைக் குழாய்களுக்கு நடுவே அடியில் கொக்கி போட்டு நிறுத்தினேன். கொக்கியைத் தட்டினால் அதுவாகவே பாய்கிறது. ஈயத்தைக் கூட்டிக் குறைத்தே இருபது டேக் போயிற்று.

துளிகள் சிறிதாக உடைய, நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்க முதலில் ஷாம்பு ஊற்றினேன். தொட்டி முழுக்க நுரை, ஒரு ஞாயிறு வீண். ஃபிலிம் கழுவியபின் கடைசியாக அலசும் வெட்டிங் ஏஜென்ட்தான் சரியான மருந்து. மூடப்போகும் ஒரு பழைய ஸ்டுடியோவில் பாதி பாட்டில் கிடைத்தது. பித்தளைக் குழாயை மட்டும் ஆன்லைனில் வாங்காதீர்கள். எனக்கு வந்த நாலில் இரண்டு வளைந்திருந்தன. பாத்திரப் பட்டறையில் கேட்டால் நேராகத் தருகிறார்கள்.

இன்னும் வால் பக்கத்து நீர்த்தடம் சரியாக வரவில்லை. ஆனால் மனசு அதற்குள் நீர்மூழ்கியின் உள்ளே போய்விட்டது. முதல் சீசனில் வெளியே எட்டு ஜன்னல், உள்ளே செட்டில் தெரிவதோ நாலு. இரண்டாவது சீசனில்தான் வெளியேயும் உள்ளேயும் நாலாக்கி, கன்ட்ரோல் ரூமையும் அதோடு சேர்த்தார்கள். சீவியூவிலிருந்து கிளம்பும் பறக்கும் குட்டிக்கப்பலுக்குள் (ஃப்ளையிங் சப்) இறங்கும் வழியும் அந்தத் தரையில்தான். எனக்கு அந்த செட்தான் உயிர். அப்படியானால் நாலு ஜன்னல் மூக்கு தனியாக வேண்டும். யாரிடமாவது உதிரியாக இருந்தால் சொல்லுங்கள், உடனே வாங்கிக்கொள்கிறேன்.