நெக்டரின் மரத்தில் பழுப்பு அழுகல்: குளிர்காலம் தொடங்கி அறுவடை வரை செய்து பார்த்தது

மெல்பர்னில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு நெக்டரினும் (தோலில் ரோமமில்லாத பீச் வகை) ஒரு பீச்சும் நிற்கின்றன. 2022 அக்டோபரில் விக்டோரியாவில் பெய்த மழை, அந்த மாநிலத்தின் பதிவுகளிலேயே எந்த அக்டோபரிலும் பெய்யாத மழை. அந்த வருடமும் காய் நன்றாகத்தான் பிடித்தது, ஆனால் பழுக்கிற நேரத்தில் தோலில் சின்னப் பழுப்புப் புள்ளி விழும், இரண்டு மூன்று நாளில் பழம் முழுக்கக் குழைந்துபோகும், மேலே சாம்பல் நிறத்தில் மாவு பூக்கும். அந்த மாவு அத்தனையும் பூஞ்சையின் வித்துகள். மோனிலினியா என்பது அதன் பெயர், ஆஸ்திரேலியாவில் ஃபிரக்டிகோலா, லாக்ஸா என்று இரண்டு இனங்கள் இருக்கின்றன. அப்போதிருந்து செய்துவருவதை எழுதுகிறேன், பீச், பிளம் வைத்திருக்கும் யாருக்காவது பயன்படும்.

நான் கண்டவரை முக்கால்வாசி வேலை ஜூலையில், இங்கே குளிர்காலத்தில் மரம் மொட்டையாக நிற்கும்போது இருக்கிறது. போன பருவத்தில் அழுகிய பழங்கள் சில விழாமல் கிளையிலேயே வற்றிச் சுருங்கிக் கறுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். பூஞ்சை குளிர்காலத்தைக் கழிப்பது பெரும்பாலும் அதற்குள்தான், வசந்தத்தில் பூ விரியும்போது மழைத்துளியும் காற்றும் அங்கிருந்து வித்துகளைப் பூவுக்குக் கொண்டுபோகின்றன. ஏணி போட்டு ஒவ்வொன்றாகப் பறித்தேன். பழம் ஒட்டியிருந்த இடத்தில் பட்டை குழிந்து பிசின் வடிந்திருந்தால் அந்தச் சிறு கிளையையும் நல்ல மரம் தெரியும்வரை வெட்டிவிட்டேன். கீழே விழுந்து கிடந்ததையும் பொறுக்கியாயிற்று. இதில் எதையும் வீட்டு உரக்குழியில் போடவில்லை, அங்கே சூடு போதாது, மூட்டை கட்டிக் குப்பைத்தொட்டிக்கு.

ஆகஸ்ட் கடைசியில் மொட்டு உப்பி, இளஞ்சிவப்பு தெரிவதற்கு முன் காப்பர் கலந்த பூஞ்சை மருந்து தெளித்தேன். இலைச்சுருட்டு நோய்க்கும் அதே மருந்து, அதே தருணம். மொட்டு விரிந்துவிட்டால் இலைச்சுருட்டுக்கு அது பயன்படாது. பூத்திருக்கும்போது மழை வரும் என்று தெரிந்தால் மட்டும் தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத்தூள், அதுவும் தேனீக்கள் திரும்பிப் போன பிறகு மாலையில், டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சிட்டிகைகூட இல்லை. வெயில் 30 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் அடித்தால் இலை கருகும். ஏப்ரிகாட் வைத்திருப்பவர்கள் கந்தகத்தைத் தொடவே வேண்டாம், அந்த மரத்துக்கு அது ஆகாது.

பூவில் நுழைந்த பூஞ்சை அப்படியே காம்புக்குள் இறங்கும். பூ கருகி, உதிராமல் காய்ந்து தொங்கும், கொஞ்ச நாளில் அந்தக் குச்சியும் வாடும். செப்டம்பரில் அப்படி ஒன்று கண்ணில் பட்டாலும் உடனே வெட்டிவிடுகிறேன். பச்சைக் காயில் புகுந்தாலோ வெளியே எதுவும் தெரியாது, உள்ளேயே அடங்கிக் கிடந்து, சர்க்கரை ஏறும்போது கிளம்பும். அதனால்தான் நேற்றுவரை நன்றாக இருந்த பழம் இன்றைக்கு இப்படி ஆகிறது என்று தோன்றுகிறது.

அக்டோபர், நவம்பரில் நெருக்கமாக இருந்த காய்களில் சிலவற்றைப் பறித்துக் கலைத்தேன். மனசு வராத வேலை இது! ஆனால் இரண்டு பழம் ஒட்டி நின்றால் நடுவில் ஈரம் காயாது, ஒன்றில் தொடங்கியது மற்றதற்குப் போய்விடும். பழத்துக்கும் பழத்துக்கும் ஒரு கையகலம் இடைவெளி விட்டேன். கலைத்த காயை அம்மா வீணாக்க விடவில்லை, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ஊறுகாய் ஆக்கிவிட்டார்.

அப்புறம் வலை. தோல் கிழிந்த பழத்தில் பூஞ்சைக்கு வழி திறந்தே இருக்கிறது, கிளி கொத்தினாலும் புழு துளைத்தாலும் அதே கதைதான். கார்போஃபிலஸ் என்ற குட்டி வண்டு அழுகிய பழத்தில் ஏறிவிட்டு நல்ல பழத்துக்கு வித்துகளைச் சுமந்துபோகிறது, தோட்டக்காரர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. விக்டோரியாவில் 2021 செப்டம்பர் முதல் வீட்டுப் பழமரங்களுக்கு, இழுத்துப் பிடித்தாலும் கண்ணி 5 மில்லிமீட்டருக்கு மேல் போகாத வலைதான் போடலாம், வௌவாலும் பறவையும் சிக்கிச் சாகாமல் இருக்க. நல்ல சட்டம். ஆனால் வண்டு அதில் நிற்காது, அதனால் கீழ்க்கிளைப் பழங்களுக்கு மெல்லிய துணிப்பை கட்டினேன். பை கட்டியவை கிட்டத்தட்ட எல்லாமே தப்பின.

சோதனை 2024 ஜனவரித் தொடக்கத்தில் வந்தது, விக்டோரியாவின் நடுப்பகுதியில் வெள்ளம் வந்த அந்த மழை. நெக்டரின் சரியாக நிறம் மாறிக்கொண்டிருந்தது. மழை விட்டதும் கிளைகளை உலுக்கித் தண்ணீரை வடித்தேன், தினமும் காலையில் மரத்தைச் சுற்றிவந்து புள்ளி விழுந்த பழத்தை மாவு பூக்கும் முன்பே எடுத்தேன். சேதம் இருந்தது, உச்சிக்கிளையில் அதிகம். ஆனாலும் கூடை கூடையாக நல்ல பழம் கிடைத்தது, முந்தைய பருவத்தில் ஒரு கிண்ணம்கூடத் தேறவில்லை.

பறித்த பழத்திலும் ஒன்று செய்து பார்த்தேன். 50 டிகிரிச் சுடுநீரில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து, ஆறவிட்டுத் துடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால், சும்மா வைத்ததைவிட நன்றாகத் தாங்குகிறது. தோலின் மேல் இருக்கும் வித்துகள் அந்தச் சூட்டில் செத்துவிடும், ஆழமாகப் புகுந்ததற்கு அது போதாது. வெப்பமானி கட்டாயம் வேண்டும், சூடு கூடினால் தோல் வெந்து நிறம் மாறிவிடுகிறது.

இன்னும் தீராதது பக்கத்து வீட்டுப் பிளம் மரம். உயரமான, வயசான மரம், வேலிக்கு மேலே எங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது, வற்றிய பழங்கள் அதில் நிறைய. அங்கே இருக்கும் பெரியவரால் ஏணி ஏற முடியாது. கேட்டதும் சந்தோஷமாகச் சரி என்றார், வருகிற ஜூலையில் அந்த மரத்தையும் நானே சுத்தம் செய்து, உச்சியைக் கோடையில் காய்ந்த நாளாகப் பார்த்துக் கவாத்து பண்ணித் தருவதாகப் பேச்சு.