பச்சைப் பட்டை

மே 15, வியாழன்
லாஸ் ஏஞ்சலஸ் மாநாட்டு மையத்தில் நாளை முதல் எங்கள் வீடியோ கேம் நிறுவனத்தின் ரசிகர் மாநாடு. எல்லோருக்கும் ஒரே கறுப்புச் சட்டை. அட்டையைத் தொங்கவிடும் பட்டைதான் வேறு: நிரந்தர ஊழியருக்கு நீலம், ஏஜென்சி வழியாக வந்த எங்களுக்குப் பச்சை. நீலத்துக்குப் பக்கத்திலேயே ஓட்டல் அறை, சாப்பாட்டுக் கூப்பன். பச்சைக்கு இரண்டும் இல்லை.

மே 16, வெள்ளி
புதிய விளையாட்டை ரசிகர்கள் ஆடிப்பார்க்கும் இடத்தில் எனக்கு வேலை. ஆளுக்குப் பதினைந்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து அடுத்தவரை அனுப்ப வேண்டும். உட்கார்ந்தே செய்யலாம். திரைக்குப் பின்னால் கிடந்த ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துப் போட்டேன். பதினொரு மணிக்கு மேற்பார்வையாளர் வந்து, "பார்க்க நன்றாக இல்லை" என்று மடக்கி எடுத்துப் போய்விட்டார். எதிர்வரிசையில் இதே வேலையைச் செய்யும் நீலப் பட்டைக்காரர்களுக்கு உயரமான முக்காலிகள் இருந்தன. அவை மட்டும் பார்க்க நன்றாக இருந்தனவா?

உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைக்கு இருக்கை தர வேண்டும் என்பது கலிபோர்னியாவின் விதி. 2016இல் மாநில உச்ச நீதிமன்றமே அதை விளக்கியிருக்கிறது. ஐந்து மணி நேரம் முடிவதற்குள் சாப்பாட்டு இடைவேளை தொடங்க வேண்டும் என்பதும் விதிதான். எட்டரைக்கு நின்றவனைச் சாப்பிட விட்டபோது மணி மூன்று.

மே 17, சனி
விளையாட்டின் மூன்றாம் கட்டத்துப் பாலத்தை ஒரு சிறுவன் துள்ளித் துள்ளிக் கடந்தான். அதன் நான்காவது பலகையில் கால் வைத்தால் ஆள் கீழே விழுந்துவிடும் பிழையைக் கண்டுபிடித்தவன் நான். இரண்டு இரவு அந்தப் பலகையிலேயே விழுந்து எழுந்திருக்கிறேன்.

மாலையில் மேடையிலிருந்து, "இதை உருவாக்கியவர்கள் முன்னால் வாருங்கள்" என்று அழைத்தார்கள். எங்கள் குழுவிலிருக்கும் மதுரைக்கார அண்ணன், "வா தம்பி, நீயும்தானே உழைத்தாய்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். கயிற்றருகே காவலர் என் பட்டையைப் பார்த்துத் தலையசைத்தார். அண்ணன் எனக்காக வாதாடினார். பலிக்கவில்லை. அவரும் மேடைக்குப் போகாமல் என்னோடு திரும்பி வந்துவிட்டார். அதுதான் இன்னும் நெஞ்சை அடைக்கிறது.

மே 18, ஞாயிறு
சாப்பாடு 3.10க்கு. கால் வீங்கிவிட்டது.

மே 19, திங்கள்
மைக்ரோசாஃப்டில் வருடக்கணக்கில் 'தற்காலிக' ஊழியராகவே வைக்கப்பட்டவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2000இல் சுமார் 9.7 கோடி டாலருக்குச் சமரசமானது. அவர்களுடைய அட்டை ஆரஞ்சு நிறம்.

இடைவேளை தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மணி நேர ஊதியம் கூடுதலாகத் தர வேண்டும். மூன்று நாளைக்கும் கேட்டு ஏஜென்சிக்கு எழுதிவிட்டேன். நாற்காலிக்குத் தனிக் கடிதம். அதில் பச்சைப் பட்டைக்காரர்கள் ஏழு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். எட்டாவது கையெழுத்து அண்ணனுடையது.